வாழைச்சேனை வீதியில் மறைந்த பயிற்றுநர்

மட்டக்களப்பில் கூடைப்பந்தாட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், அது வெகு விரைவில் ஓர் அமெரிக்கப் பாதிரியாரிடம் வந்து நிற்கும். செய்திப் பணியாக அந்நகருக்குச் சென்ற வேளைகளில் இதனை நான் பலமுறை அவதானித்திருக்கிறேன். புனித மிக்கேல் கல்லூரியின் பழைய மாணவர்கள் முதலில் அவர் பயிற்றுவித்த அணிகளைப் பற்றிச் சொல்வார்கள்; வென்ற கேடயங்களைப் பற்றிச் சொல்வார்கள். பின்னர் ஒரு கணம் மௌனமாவார்கள். அந்த மௌனத்துக்குக் காரணமான நாள் 1990 ஆகஸ்ட் 15.

அவர் பெயர் யூஜின் ஜோன் ஹெபர்ட். அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள லூசியானா மாநிலத்தில், ஜெனிங்ஸ் என்ற சிறுநகரில் 1923இல் பிறந்தவர். 1941இல் யேசு சபையில் சேர்ந்தார். 1948இல், சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில், இலங்கைக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்துகூட நிறைந்திருக்கவில்லை.

திருகோணமலை, மட்டக்களப்புப் பகுதிகளில் யேசு சபையினரின் பணி அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே ஆரம்பமாகியிருந்தது. முதலில் வந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்தைச் சேர்ந்த அமெரிக்கத் துறவிகள் அவர்களுடைய இடத்துக்கு வரலாயினர். அவர்களோடு கூடைப்பந்தும் வந்தது. அந்த விளையாட்டே ஓர் ஆசிரியரின் கண்டுபிடிப்புத்தான். 1891இல் அமெரிக்காவின் ஸ்பிறிங்ஃபீல்ட் நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்துப் பயிற்சிப் பள்ளியொன்றில், குளிர்காலத்தில் மாணவர்களை மண்டபத்துக்குள் விளையாட வைப்பதற்காக ஜேம்ஸ் நைஸ்மித் என்பவர் அதனை உருவாக்கினார். அவர் வகுத்த முதல் விதிகளுள் ஒன்று, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக்கூடாது என்பது. பந்தைப் பிடித்தவன் நின்ற இடத்திலிருந்தே அதனை இன்னொருவனுக்கு எறிய வேண்டும். பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறலாம் என்பது பின்னர் வந்த ஏற்பாடு.

ஹெபர்ட் அடிகளார் முதலில் திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும், பின்னர் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் பணியாற்றினார். வகுப்பறையில் ஆசிரியர், மாலையில் பயிற்றுநர். அவர் உருவாக்கிய அணிகள் அகில இலங்கை மட்டத்தில் பட்டங்களை வென்றன. கொழும்பிலும் கண்டியிலும் உள்ள வசதி மிக்க கல்லூரிகளுக்கு நிகராக, வாவியால் சூழப்பட்ட சிறிய புளியந்தீவின் பெயரும் விளையாட்டுப் பக்கங்களில் இடம்பெற்றது. 1873இல் தொடங்கப்பட்ட அக்கல்லூரியில் தமிழரும் முஸ்லிம்களும் பறங்கியரும் ஒரே வகுப்பில் அமர்ந்து படித்தார்கள். மட்டக்களப்பின் சமூக வரலாற்றை எழுத முற்படும் எவரும் இதனை ஓர் அடிக்குறிப்பாக ஒதுக்கிவிட முடியாது.

பிற்காலத்தில் அவரது கவனம் தொழிற்கல்வியின் பக்கம் திரும்பியது. யேசு சபையினர் மட்டக்களப்பில் நடத்திய கிழக்குத் தொழில்நுட்ப நிறுவகத்தின் பொறுப்பை ஏற்றார். எண்பதுகளில் யுத்தம் மூண்டபோது, இளைஞர்கள் கைதாவதும் காணாமற் போவதும் அன்றாட நிகழ்வுகளாயின. பிள்ளைகளைத் தேடி முகாம் வாசல்களில் காத்து நின்ற தாய்மாருக்காகப் பேசுவதற்குத் துணிந்தவர்கள் ஒரு சிலரே. அவர்களுள் ஒருவரான, பிரஜைகள் குழுவின் தலைவர் சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988 ஜூன் 6இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பின்னரும் ஹெபர்ட் அடிகளார் சமாதானக் குழுவில் இருந்து பணியாற்றினார். அவரிடம் இருந்தது அமெரிக்கக் கடவுச்சீட்டு. விரும்பிய எந்த நாளிலும் அவர் புறப்பட்டுப் போயிருக்கலாம்.

1990 ஜூனில் இரண்டாம் கட்ட ஈழப்போர் ஆரம்பமாயிற்று. கிழக்கில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸாரை விடுதலைப் புலிகள் கொன்றனர். ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் 11ஆம் திகதி இரவு ஏறாவூரிலும் அதற்கு அண்டிய கிராமங்களிலும் மேலும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இவற்றுக்கும் விடுதலைப் புலிகளே பொறுப்பு என்பதில் ஐயமில்லை. பழிவாங்கலாகத் தமிழ்க் கிராமங்கள் தாக்கப்பட்டன. வாழைச்சேனையிலிருந்து ஏறாவூர் ஊடாக மட்டக்களப்புக்கு வரும் வீதி ஏறத்தாழ 30 கிலோமீற்றர். அந்த நாட்களில் அவ்வீதியில் தமிழரும் போக முடியாது, முஸ்லிம்களும் போக முடியாது என்ற நிலை.

அந்த வீதியில்தான் அறுபத்தாறு வயதான பயிற்றுநர் தமது ஸ்கூட்டரில் போனார். வாழைச்சேனையில் கலவரத்தில் சிக்கியிருந்த கன்னியாஸ்திரிகளுக்குப் பாதுகாப்பான வழியை ஏற்படுத்திக் கொடுப்பதே அவரது நோக்கம். ஆகஸ்ட் 15, மரியாளின் விண்ணேற்புத் திருநாள். அன்று ஒரு தமிழ்ச் சிறுவனையும் ஏற்றிக்கொண்டு மட்டக்களப்புக்குத் திரும்பினார். இருவரும் வந்து சேரவில்லை. உடல்கள் கிடைக்கவில்லை. ஏறாவூர்ப் பகுதியில் வைத்தே அவர்கள் கொல்லப்பட்டனர் என்பது பரவலான நம்பிக்கை. எந்த நீதிமன்றமும் எவரையும் குற்றவாளியாகக் கண்டதில்லை.

காணாமற் போனோரைப் பற்றி எழுதி எழுதிப் பழகிப்போன கை என்னுடையது. எண்ணிக்கையைச் சரிபார்ப்போம், திகதியைச் சரிபார்ப்போம், அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். ஆனால் இந்த ஒரு சம்பவம் என்னை அவ்வாறு கடந்துபோக விடுவதில்லை. மட்டக்களப்பில் ஒவ்வொரு சமூகமும் தன்னுடைய இறந்தோரை நினைவுகூருகிறது. முஸ்லிம்கள் காத்தான்குடியையும் ஏறாவூரையும் நினைக்கிறார்கள். தமிழர்கள் அதே ஆண்டு செப்டெம்பரில் நிகழ்ந்த வந்தாறுமூலையையும் சத்துருக்கொண்டானையும் நினைக்கிறார்கள். அவை நினைக்கப்பட வேண்டியவையே. ஆயினும் இரண்டு பட்டியல்களுக்கும் இடையில் மாண்டவரை யாருடைய இழப்பு என்று எழுதுவது? அவரைக் கொன்றவர்கள் யார் என்று கேட்டால் ஒரு தரப்புச் சங்கடப்படும். அந்தக் கொலை வெறிக்கு முன்னால் நிகழ்ந்தது என்ன என்று கேட்டால் மறு தரப்புச் சங்கடப்படும். ஆகவே இரு தரப்பும் கேட்காமலே இருந்துவிட்டன. முப்பத்தைந்து ஆண்டுகள் அவ்வாறே கழிந்துவிட்டன.

அவர் இந்நாட்டில் வாழ்ந்தது நாற்பத்திரண்டு ஆண்டுகள். பிறந்த மண்ணில் வாழ்ந்த காலத்தைவிட அது அதிகம். அவருக்கு இங்கே ஒரு கல்லறை இல்லை. அவரிடம் விளையாடப் பழகிய மாணவர்களோ இன்று பேரப்பிள்ளைகள் கண்டுவிட்டார்கள். மட்டக்களப்பிலும், ரொறன்ரோவிலும், சிட்னியிலும், லண்டனிலும் இருக்கிறார்கள். அவர்களிலே தமிழரும் உள்ளனர், முஸ்லிம்களும் உள்ளனர், பறங்கியரும் உள்ளனர். அன்று அந்த வீதியில் நடந்தது என்ன என்ற கேள்வியை, ஒரே மைதானத்தில் விளையாடிய அவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு முறையாவது கேட்க வேண்டும். கூடவே, ஸ்கூட்டரின் பின்னால் அமர்ந்து வந்த அந்தச் சிறுவனையும் மறவாமல் கேட்க வேண்டும்.