பின்வரிசைக் கிட்டார்

இசைக்குழுவை நிமிர்த்துவது லீட் கிட்டாரா, ரிதம் கிட்டாரா என்பது தலைப்பு. நான் ரிதம் அணி.

எதிரணித் தம்பி ‘இளைய நிலா’ பாட்டைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிட்டாரு. 1982-ல் நம்ம கோவைத்தம்பி தயாரித்து, ஆர். சுந்தர்ராஜன் இயக்கிய ‘பயணங்கள் முடிவதில்லை’ படம், இளையராஜா இசை. அதில் சந்திரசேகர் வாசித்த கிட்டாரை இன்றைக்கும் முணுமுணுக்கிறோம். மறுக்கலீங்க. லீட் கிட்டார் ஒவ்வொரு சுரமாகப் பாடும், மனசுல நிக்கும். ரிதம் கிட்டார் மூணு நாலு சுரத்தைச் சேர்த்து ஒரே வீச்சில் தட்டிக்கொண்டே போகும். பாட்டுக்கு வேகமும் தரையும் அதுதான். அதை யாராவது முணுமுணுத்தது உண்டா?

கல்யாண வீட்டைப் பாருங்க. மாப்பிள்ளை லீடு. பந்தியில நிக்கிற பொண்ணோட சித்தப்பா ரிதம். மாப்பிள்ளை பத்து நிமிஷம் காணாமப் போனாக்கூடச் சமாளிக்கலாம். சாம்பார் வரலீன்னா ஊருக்கே தெரியும்!

அமெரிக்காவில் கவுன்ட் பேஸி என்பவரின் ஜாஸ் குழு. 1937-ல் ஃப்ரெட்டி கிரீன் அதில் கிட்டார் வாசிக்கச் சேர்ந்தார். 1987-ல் சாகிற வரைக்கும் அங்கேதான். ஐம்பது வருஷம்! மின்சாரம் சேர்க்காத கிட்டார். ஒரு ஆவர்த்தத்துக்கு நாலு தட்டு. தனி ஆவர்த்தனம் வாசித்ததே அபூர்வம். பின்னால் ஊதுகிற ஊதலில் அவர் கிட்டார் தனியாகக் காதில் விழுவதே கஷ்டம். ஆனால் அந்தக் குழுவின் நடையே அந்தக் கைதான் என்று ஜாஸ் உலகம் ஒப்புக்கொள்கிறது.

நமக்கு இது புதுசு இல்லை. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் குழலுக்குப் பின் யாழ், யாழுக்குப் பின் தண்ணுமை, அதற்குப் பின் முழவு என்று வரிசை சொல்கிறார் இளங்கோ. பின்னால் நிற்பவரையும் விடாமல் எண்ணியிருக்கிறார். நாம்தான் விட்டுவிட்டோம்.

என் தாய்மாமன் ஒரு மெல்லிசைக் குழுவில் ரிதம் கிட்டார் வாசித்தவர். கோயில் நோம்பிக்கு மேடை போட்டால் பாடகருக்குப் பொன்னாடை, லீட் வாசிப்பவருக்குப் பொன்னாடை. மாமா ஒயர் சுருட்டிக்கொண்டிருப்பார். நோட்டீஸில் இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் பெயர் வந்ததில்லை. அத்தை கேட்டால், “இடம் பத்தியிருக்காதுடி” என்பார்.

அவரை ஒருநாள் அறச்சலூர் கூட்டிப் போனேன். இங்கிருந்து பக்கம்தான். நாகமலைப் பாறையில் புலவர் செ. இராசு கண்டறிந்த இசைக் கல்வெட்டு. கி.பி. 2-ஆம் நூற்றாண்டு என்பாரும் உண்டு, 4 என்பாரும் உண்டு. த, தை, தா, தே என்று வரிக்கு ஐந்தாக ஐந்து வரி எழுத்து. இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும், மேலிருந்தும் கீழிருந்தும் ஒன்றே. பாட்டு இல்லை, ராகம் இல்லை. தாளச் சொல் மட்டும்! பக்கத்திலேயே அதை அமைத்தவர் பெயர்: மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன். வண்ணக்கன் என்றால் மதிப்புப் பார்த்துச் சொல்பவர்.

மாமா தொடையில் தட்டிக்கொண்டே இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, “ஏ மாப்ளே, தாளம் போட்டவன் பேரையும் வெட்டி வெச்சிருக்காங்களாட்ட இருக்குது!” என்றார். இன்னொரு தடவை அந்தப் பெயரைப் படிக்கச் சொன்னார்.