இதயத்தில் ஒரு பழைய பிழை

குழித்துறையில் ஐம்பதைக் கடந்தவர் ஒருவர் திடீரென மறைந்தால், 'அவருக்க அப்பாவும் இப்படித்தான் போனாரு' என்று துட்டி வீட்டில் யாரேனும் சொல்லக் கேட்கலாம். அப்பேச்சுக்குப் பின்னால் நெடிய வரலாறு உண்டு.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பெருந்துறை தண்டபாணி, ஐதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ் முதலியோரின் கட்டுரை 2009இல் 'நேச்சர் ஜெனிடிக்ஸ்' இதழில் வெளிவந்தது. இதயத் தசைப் புரதம் ஒன்றை ஆக்கும் மரபணுவில், தெற்காசியருள் நூற்றுக்கு 4 பேரிடம் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. இவ்விடுபாடு தோன்றிச் சுமார் 33,000 ஆண்டுகள் ஆகின்றன என்பது அவர்கள் கணிப்பு. இன்றைய சாதிகளும் மொழிகளும் பிறவாத காலம்!

ஏடு பெயர்த்தெழுதியவரின் கைப்பிழை வழிவழியாக வருவதை நாம் அறிவோம். அங்கே உ.வே.சா. பல பிரதிகளை ஒப்பிட்டுத் திருத்தினார். இங்கே இயற்கை ஏன் திருத்தவில்லை? நோய் பெரும்பாலும் நடுவயதில்தான் தலைகாட்டுகிறது. அதற்குள் பிள்ளைகள் பிறந்துவிடுகின்றனர். ஆயினும் இப்பிழையைச் சுமப்போர் எல்லோரும் நோயாளிகள் அல்லர்.

இது தசையைப் பற்றியது. குருதிக்குழாய் அடைப்பின் கதை வேறு. அதில் குடல் நுண்ணுயிர்களுக்கும் பங்குண்டு. முட்டையில் மிகுந்துள்ள லெசித்தினை அவை சிதைக்க, கல்லீரல் அதை டி.எம்.ஏ.ஓ. என்னும் பொருளாக்குகிறது; குருதியில் அது மிகுந்தோர்க்கு இதயநோயும் மிகுதி என்று அமெரிக்காவில் ஸ்டான்லி ஹேசன் குழுவினர் 2011இல் எழுதினர். கடல்மீனிலோ அப்பொருள் இயல்பாகவே உண்டு. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியுமாக வாழும் நம்மவர் அஞ்சவேண்டுமா? மீனுண்போர்க்கு மாரடைப்பு மிகுதி என்று ஆய்வுகள் காட்டவில்லை. இம்முரணுக்கு ஆய்வாளர்கள் இன்னும் முடிவான விடை கூறவில்லை.