மீத்தைல் விடுபட்ட கதை

நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைகளில் தீவனம் அரைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்குடன் மெத்தியோனின் என்ற பொடியையும் கலப்பார்கள். கந்தகம் கொண்ட இந்த அமினோ அமிலத்தைக் கோழியின் உடலோ நம் உடலோ புதிதாக ஆக்கிக்கொள்ள முடியாது. அது குறைந்தால் முட்டையும் குறையும்.

புரதம் கட்டுவது மட்டுமன்று இதன் பணி. கந்தகத்தோடு ஒட்டியுள்ள மீத்தைல் தொகுதியை (ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்) இது பிற மூலக்கூறுகளுக்கு வழங்குகிறது என்பதை 1941-ல் டு விக்னோ குழுவினர் எலிகளில் காட்டினர். ஆனால் அந்தப் பிணைப்பு உறுதியானது. அதைத் தளர்த்துவது எது?

விடைக்கு வேண்டிய பொருள் முன்பே தெரிந்திருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற சுப்பாராவ், ஹார்வர்டில் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து 1929-ல் தசையில் ஏ.டி.பி.யைக் கண்டறிந்தார்; அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமனும் கண்டறிந்தார். அடினோசினும் மூன்று பாஸ்பேட்டுகளும் சேர்ந்த இது, செல்லின் ஆற்றல் நாணயம்.

1952-ல் கான்டோனி புதிரை விடுவித்தார். ஒரு நொதி பாஸ்பேட்டுகள் மூன்றையும் விலக்கி, அடினோசின் பகுதியை மெத்தியோனினின் கந்தகத்தில் பொருத்துகிறது. கந்தகம் நேர்மின்னூட்டம் பெற, மீத்தைலின் பிடி தளர்கிறது. அதைப் பெற்றுத்தான் டி.என்.ஏ.யிலும் குறியிடப்படுகிறது.

பாக்டீரியா, கோழி, மனிதன் எல்லாரிடமும் இந்த நொதிக் குடும்பம் பெரிதும் மாறாமல் இருக்கிறது. தீவனப் பொடிக்குள் இருப்பது உயிரின் பழைய வேதியியல் என்பதை இனி நினைவில் கொள்ளுங்கள்.