சூடானுக்கு நம் ஊரிலிருந்து உதவுவது எப்படி?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை தாமிரபரணிக் கரையில் வாழும் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. ஆறும் குளங்களும் ஒன்றாகி ஊருக்குள் வந்தன. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் வெள்ளத்தின் நடுவே நின்றது. அதிலிருந்த பயணிகளுக்கு முதலில் சோறு கொடுத்தவர்கள் பக்கத்திலுள்ள புதுக்குடி கிராமத்து மக்கள். கோயிலில் வைத்துச் சமைத்துப் போட்டார்கள். ஹெலிகாப்டர் அதற்குப் பிறகுதான் வந்தது. செய்துங்கநல்லூரில் பள்ளிவாசல் கதவைத் திறந்து, வீடிழந்த இந்துக் குடும்பங்களைத் தங்க வைத்தார்கள்.

அந்த நாட்களில் நாம் ஒன்றைப் புரிந்துகொண்டோம். ஆபத்து நேரத்தில் முதலில் கை நீட்டுபவர் பக்கத்துத் தெருக்காரர்தான். வெளியிலிருந்து உதவ நினைப்பவர் அந்தப் பக்கத்துத் தெருக்காரரின் கையைப் பலப்படுத்த வேண்டும். ஆப்பிரிக்காவில் போராலும் வறுமையாலும் வாடும் மக்களுக்கு உதவ நினைக்கும்போதும் இதே பாடம்தான் நமக்கு வழிகாட்டி. இன்று அங்கே மிகப் பெரிய துயரில் இருக்கும் சூடானை முன்வைத்து, நம் ஜமாஅத்துகளில் அடிக்கடி எழும் கேள்விகளுக்கான விவரங்களை இங்கே தொகுத்திருக்கிறோம்.

சூடானில் என்ன நடக்கிறது?

2023 ஏப்ரல் 15. ரமளானின் கடைசிப் பத்து நாட்கள். சூடான் ராணுவத்துக்கும் துரித ஆதரவுப் படை எனப்படும் ஆயுதப் படைக்கும் இடையே தலைநகர் கார்த்தூமில் சண்டை மூண்டது. அங்கிருந்த இந்தியர்களை 'ஆபரேஷன் காவேரி' மூலம் நம் அரசு மீட்டது. 3,862 பேர் பாதுகாப்பாக வெளியேற்றப்பட்டார்கள்; தமிழர்களும் அவர்களில் இருந்தார்கள். நம்மவர்கள் வந்து சேர்ந்ததும் அந்தச் செய்தி இங்கே அடங்கிவிட்டது. அங்கே போர் அடங்கவில்லை.

ஒரு கோடியே 20 லட்சம் பேருக்கு மேல் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். உலகின் மிகப் பெரிய இடப்பெயர்வு என்று ஐ.நா. இதைக் குறிப்பிடுகிறது. வடக்கு டார்ஃபூரில் அல் ஃபாஷிர் நகருக்கு அருகே அகதிகள் முகாம் ஒன்று இருந்தது. அதன் பெயர் ஸம்ஸம். 2024 ஆகஸ்டில் அங்கே பஞ்சம் நிலவுவதாகச் சர்வதேச நிபுணர் குழு உறுதி செய்தது. அன்னை ஹாஜர் (அலை) தம் பச்சிளம் பிள்ளைக்காகத் தண்ணீர் தேடி ஓடிய வரலாற்றை நினைவூட்டும் பெயர் கொண்ட இடத்தில் பிள்ளைகள் பசியால் இறந்தார்கள். 2025 ஏப்ரலில் அந்த முகாமும் தாக்கப்பட்டது. அல் ஃபாஷிர் நகரம் ஒன்றரை ஆண்டு முற்றுகைக்குப் பின் 2025 அக்டோபர் இறுதியில் துரித ஆதரவுப் படையிடம் வீழ்ந்தது.

பஞ்சம் என்று அறிவிக்கும்வரை காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சோமாலியா சாட்சி. அங்கே 2010 முதல் 2012 வரை ஏற்பட்ட உணவு நெருக்கடியிலும் பஞ்சத்திலும் சுமார் 2,60,000 பேர் இறந்ததாகப் பின்னர் வந்த ஆய்வு கணித்தது. அதில் பாதிப் பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். 2011 ஜூலையில் பஞ்சம் அறிவிக்கப்படுவதற்கு முன்பே ஏராளமானோர் இறந்துவிட்டார்கள்.

நமக்கும் அவர்களுக்கும் என்ன உறவு?

மக்காவில் கொடுமை தாங்க முடியாமல் போனபோது நபித்தோழர்கள் முதன்முதலில் அடைக்கலம் தேடிச் சென்றது ஆப்பிரிக்க மண்ணுக்குத்தான். ஹபஷாவின் கிறித்தவ மன்னர் நஜ்ஜாஷி, குறைஷிகள் பரிசுகளோடு தூது அனுப்பியும் அவர்களை ஒப்படைக்க மறுத்தார். இஸ்லாத்தின் முதல் அகதிகளைக் காத்த அந்தப் பகுதி சூடானுக்குப் பக்கத்து மண். வாங்கு சொல்லக் கேட்கும்போதெல்லாம் நினைவுக்கு வரும் பிலால் (ரலி) அவர்களும் ஹபஷாவைச் சேர்ந்தவர். மதம் பார்க்காமல் அடைக்கலம் தந்த மண்ணுக்கு நாமும் மதம் பார்க்காமல் உதவக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நம் தைக்கா, அவர்கள் தக்காயா

நம் பகுதியில் தைக்கா என்ற சொல் தெரியாதவர் இல்லை. 'தக்கியா' என்ற சொல்லிலிருந்து வந்தது அது. சூஃபிப் பெரியோர்கள் தங்கி, வழிப்போக்கருக்கும் ஏழைக்கும் உணவிட்ட இடம். சூடானிலும் அதே மரபு உண்டு. போர் தொடங்கியதும் அங்கே தெருத் தெருவாக இளைஞர்கள் பொதுச் சமையற்கூடங்களைத் திறந்தார்கள். அவற்றுக்கு அந்த மக்கள் வைத்திருக்கும் பெயர் தக்காயா. தக்கியாவின் பன்மை அது.

பெரிய சட்டியில் பருப்பும் பயறும் வேகும். சோளமாவில் கிண்டும் அஸீதா, நம் வீட்டுச் சோளக்களியின் சகோதரன். பாத்திரத்தோடு குழந்தைகள் வரிசையில் நிற்பார்கள். ரமளான் அஸரில் நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு நம் பிள்ளைகள் நிற்பதை நினைத்துக்கொண்டால் போதும். நமக்கு அது ஒரு மாதத்து பரக்கத். அவர்களுக்குப் பல நாட்களில் அந்த ஒரு வேளைதான் உணவு.

இந்தக் கூடங்களில் பலவற்றை நடத்துபவை 'அவசர உதவி அறைகள்' என்ற தன்னார்வக் குழுக்கள். சம்பளம் கிடையாது. ஊரைத் தெரிந்த ஆசிரியர், மாணவர், மருத்துவர், இல்லத்தரசிகள்தான் உறுப்பினர்கள். இந்தப் பணியில் கொல்லப்பட்டவர்களும் சிறைப்பட்டவர்களும் உண்டு. 2025ஆம் ஆண்டின் 'சரியான வாழ்வாதார விருது' இவர்களுக்கு வழங்கப்பட்டது. அதே ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமையற்கூடங்கள் மூடப்பட்டன. ஒரே பெரிய கொடையாளியை நம்பியிருந்த அடுப்பு ஒரே உத்தரவில் அணைந்தது. பலர் சிறிது சிறிதாக, தொடர்ந்து கொடுப்பதன் அருமை இங்கேதான் புரிகிறது.

பொருளா, பணமா?

உதவி என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பழைய துணி. 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்தில் சாலையோரங்களில் வேண்டாத துணி மூட்டைகள் குவிந்து கிடந்ததை மறக்க வேண்டாம். கடல் கடந்து துணி அனுப்பும் கப்பல் கூலிக்கு அங்கேயே பல மடங்கு உணவு வாங்கலாம். உள்ளூர்ச் சந்தையில் பொருள் கிடைக்கும்வரை பணமே சிறந்த உதவி. சூடானில் வங்கிக் கிளைகள் முடங்கிய இடங்களில்கூட 'பன்கக்' என்ற கைப்பேசிச் செயலி வழியாகச் சமையற்கூடங்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது.

இதற்கு விதிவிலக்கு, கடும் சத்துக்குறைவுள்ள குழந்தைகளுக்கான சிகிச்சை உணவு. நிலக்கடலை, பால் பவுடர், எண்ணெய், சர்க்கரை, சத்துகள் சேர்ந்த பசை அது. 92 கிராம் கொண்ட ஒரு பொட்டலத்தில் 500 கலோரி. சமைக்க வேண்டாம், தண்ணீர் கலக்க வேண்டாம். ஆறு முதல் எட்டு வாரம் கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடுகிறார்கள். இதை யூனிசெஃப் போன்ற அமைப்புகள் மொத்தமாக வாங்கி விநியோகிக்கின்றன.

'ஆப்பிரிக்காவில் உங்கள் பெயரில் கிணறு' என்ற விளம்பரங்களும் நிறைய வருகின்றன. நல்ல காரியம்தான். ஆனால் ஒன்றைக் கேளுங்கள்: பழுதானால் யார் சரிசெய்வார்கள்? நம் தெருமுனைகளில் நிற்கும் 'இந்தியா மார்க் 2' அடிபம்புதான் ஆப்பிரிக்காவின் பல நாடுகளிலும் பயன்படுகிறது. உதிரிபாகமும் பழுது பார்க்கும் ஆளும் இல்லாமல் வீணாய் நிற்கும் பம்புகள் அங்கும் உண்டு.

ஜகாத்தா, ஸதகாவா?

ஜகாத் பெறத் தகுதியானவர்களாக எட்டு வகையினரைத் திருக்குர்ஆன் 9:60 குறிப்பிடுகிறது. நபி (ஸல்) அவர்கள் முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது, அங்குள்ள செல்வர்களிடம் ஜகாத்தைப் பெற்று அங்குள்ள ஏழைகளுக்கே கொடுக்குமாறு பணித்தார்கள். இதை வைத்து, உள்ளூரில் தகுதியானவர் இருக்கும்போது ஜகாத்தை வெளியூருக்கு மாற்றக் கூடாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான கருத்து. அதிகத் தேவை உள்ளவர்களுக்காக மாற்றலாம் என்று ஹனஃபி அறிஞர்கள் கூறுகிறார்கள். நம் பகுதியில் இரு மத்ஹபினரும் இருப்பதால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு முடிவெடுங்கள்.

நடைமுறையில் எளிய வழி ஒன்று உண்டு. மேலப்பாளையத்திலோ பேட்டையிலோ ஏர்வாடியிலோ வாடகை கொடுக்க முடியாத விதவைக்கும் மருந்து வாங்க முடியாத முதியவருக்கும் ஜகாத் போகட்டும். சூடானுக்கு ஸதகா போகட்டும். ஸதகாவுக்கு ஊர் எல்லை இல்லை. பள்ளிவாசலின் வக்ஃப் வருமானத்தை மட்டும் இதற்கு எடுக்கக் கூடாது. வக்ஃப் செய்தவர் எந்த நோக்கத்துக்குக் கொடுத்தாரோ அதற்கே அது உரியது.

சட்டம் என்ன சொல்கிறது?

நல்ல எண்ணம் மட்டும் போதாது. வழியும் நேராக இருக்க வேண்டும்.

தனிநபர்: ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின்படி, இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். நன்கொடையும் இதில் அடங்கும். பான் எண்ணோடு, வங்கி வழியாகவே அனுப்ப வேண்டும். உண்டியல், ஹவாலா வழிகள் அந்நியச் செலாவணிச் சட்டப்படி குற்றம்.

அறக்கட்டளை: உள்ளூர் அறக்கட்டளை தன் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவிட்டால், மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் அந்தத் தொகைக்கு வரிவிலக்கு கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து நன்கொடை பெறுவதற்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு வேண்டும். அப்படிப் பெற்றதை வேறு அமைப்புக்கு மாற்ற 2020 திருத்தம் தடை செய்கிறது. ஆகவே ஜமாஅத்தின் பெயரில் வசூல் செய்து அனுப்ப நினைப்பவர்கள் முதலில் ஒரு பட்டயக் கணக்காளரைக் கேட்பது நல்லது.

வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள்: அங்கே அனுமதி இல்லாமல் நிதி திரட்டுவது குற்றம். வாட்ஸ்அப் குழுவில் வசூலிப்பதும் அதில் சேரும். அந்தந்த நாட்டின் அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் வழியாகவே கொடுக்க வேண்டும்.

ஏமாறாமல் இருக்க

கொடுக்கும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். அமைப்பு எங்கே பதிவாகியிருக்கிறது? தணிக்கை செய்த கணக்கை வெளியிடுகிறதா? சூடானுக்குள் யார் மூலம் வேலை செய்கிறது? பணம் தனிநபர் கணக்குக்கா, அமைப்பின் கணக்குக்கா? பசித்த குழந்தையின் படமும் ஒரு கியூ.ஆர். கோடும் மட்டும் வந்தால், அதை அடுத்தவருக்கு அனுப்பாமல் நிறுத்துவதும் ஒரு நன்மையே.

செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்கள், உலக உணவுத் திட்டம், எல்லைகளற்ற மருத்துவர்கள் ஆகியவை சூடானில் களத்தில் இருக்கும் பெரிய அமைப்புகள். இந்தியாவிலிருந்து செலுத்த வழி உண்டா என்பதை அவற்றின் அதிகாரபூர்வத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழி நம் பக்கத்திலேயே இருக்கிறது. இந்தியக் கல்லூரிகளில் சூடான் மாணவர்கள் பலர் படிக்கிறார்கள். வீட்டிலிருந்து பணம் நின்றுபோனால் ஒரு மாணவருக்கு விடுதிக் கட்டணமும் மெஸ் பாக்கியும் எவ்வளவு பெரிய சுமை! உங்கள் ஊருக்கு அருகே அப்படி யாராவது படித்தால், கல்லூரி நிர்வாகத்தின் மூலம் கட்டணத்தைக் கட்டிவிடலாம். பெருநாளன்று ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைக்கலாம். அதற்கு எந்தப் படிவமும் தேவையில்லை.

வெள்ளம் வடிந்த பிறகு நம் வீட்டுச் சுவர்களில் சேற்றுக் கோடு பல மாதம் இருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்தபோதெல்லாம் உதவியவர்களின் முகம் நினைவுக்கு வந்தது. சூடானில் எங்கோ ஒரு தக்காயாவில் கிண்டும் கரண்டிக்குப் பின்னால் நம் ஊரின் பங்கும் இருக்கட்டும். அது சிறியதாக இருந்தாலும் மாதம் தவறாமல் போகட்டும். தொடர்ந்து செய்யப்படும் சிறு அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்பது நபிகளார் கற்றுத் தந்த பாடம்.

அந்த மக்களுக்கு அல்லாஹ் அமைதியையும் உணவையும் தந்தருள்வானாக. கொடுக்கும் நம் கைகளைத் தூய்மையாக்குவானாக. ஆமீன்.