பாதை காட்டிய திரை

பழந்தமிழர் வகுத்த இலக்கிய வகைகளுள் ஆற்றுப்படை தனிச்சிறப்பு வாய்ந்தது. வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் பாணன், எதிரே பசியால் வாடி வரும் மற்றொரு பாணனைக் கண்டு, தான் சென்ற வழியை அவனுக்கு எடுத்துரைக்கிறான். பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் இவ்வகையைச் சார்ந்தவை. தான் பெற்ற பேற்றைப் பிறரும் பெறவேண்டும் என்னும் இவ்வுள்ளத்தைச் சமூகத் தொண்டின் முதல் வித்து எனலாம்.

ஆயினும் ஒரு வினா எழுகின்றது. ஆற்றுப்படையின் வழி பெரும்பாலும் வள்ளலின் வாயிலிலே சென்று முடிகிறது. அவ்வாயில் அடைபட்ட காலத்தில் பாணன் எங்கே போவான்? இக்காலத்து மக்கட் கலையாகிய திரைப்படம் இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாற்றையும், அவ்விடையால் பெங்களூரில் வாழும் நாம் கற்கவேண்டியதையும் ஈண்டுச் சிறிது காண்போம்.

நாம் வந்த வழி

நம் முன்னோர் இந்நகர்க்குத் தற்செயலாக வந்தவரல்லர். 1809-இல் ஆங்கிலேயர் இங்குத் தண்டு எனப்படும் படைக் குடியிருப்பை அமைத்தபோது, சென்னைப் படையோடு தமிழ்க் குடும்பங்கள் பலவும் வந்தன. 1884-இல் தோன்றிப் பின்னர்ப் பின்னி ஆலை என்று வழங்கிய நூற்பு நெசவு ஆலை, தமிழர் பலருக்குப் பிழைப்பளித்தது. கோலார் தங்கவயலின் ஆழ்சுரங்கங்களில் இறங்கியவருள் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டத்து எளிய மக்கள் மிகப் பலர். 1940-இல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, 1948-இல் இந்தியத் தொலைபேசித் தொழிலகம், 1954-இல் பாரத் மின்னணு நிறுவனம் எனப் பின்னர் எழுந்த தொழிற்கூடங்கள் மேலும் பல்லாயிரவரை அழைத்தன.

நம்மை அழைத்தது பொருளாதாரக் கொள்கை. நம்முள் சிலரைத் தெருவில் விட்டதும் அதுவே. 1930-இல் கைரேகைப் பதிவு முறையை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்து தன்மானம் காத்த தங்கவயல் தொழிலாளரின் வழித்தோன்றல்கள், 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபோது தம் வாழ்வாதாரத்தை இழந்தனர். அவ்வூரார் பலர் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வந்து வேலை செய்து இரவில் வீடு திரும்பலாயினர். அவருடைய வறுமைக்கு ஊழைக் காரணமாகக் கூறுவது பொருந்துமோ?

தோழரிடம் சென்ற பாதை

தமிழ்த் திரையில் முதலாளி தொழிலாளி பூசல் பன்முறை காட்டப்பட்டதே. கொடிய முதலாளி இறுதிக் காட்சியில் மனம் திருந்துவார். இல்லையேல் கதாநாயகனின் கைவலிமை நீதியை நிலைநாட்டும். இரண்டும் வள்ளலை நம்பும் பழைய வழியின் புதிய வடிவங்களே.

இவ்வழக்கத்தினின்று விலகி நின்றது 1960-இல் வெளிவந்த 'பாதை தெரியுது பார்'. இதனை இயக்கிய நிமாய் கோஷ், வங்கப் பிரிவினையால் வேரற்றுப்போன உழவரைப் பற்றிச் 'சின்னமூல்' என்னும் வங்கப் படத்தை எடுத்தவர். பின்னர்த் தாமே சென்னைக்குக் குடிபெயர்ந்தவர். எம். பி. சீனிவாசன் இசையமைத்தார். தொழிற்சங்க ஒற்றுமையை நடுப்பொருளாகக் கொண்ட அப்படம் தேசியத் திரைப்பட விருதுகளில் தகுதிச் சான்றிதழ் பெற்றது. வசூலில் வெற்றி பெறவில்லை. எனினும் அதன் பாதை வள்ளலின் வாயிலை விட்டு விலகித் தோழர்களின் கூட்டத்தை நோக்கித் திரும்பியது.

இதனினும் சிறந்த செய்தி ஒன்றுண்டு. கோஷும் சீனிவாசனும் படம் எடுத்ததோடு அமையவில்லை. தம் துறையிலேயே விளக்குப் பிடிப்போரும் ஒப்பனை செய்வோரும் ஊதிய உறுதியின்றி உழல்வதைக் கண்டு, திரைப்படத் தொழிலாளர் சங்கங்களையும் அவற்றின் கூட்டமைப்பையும் கட்டுவதில் முன்னின்றனர். திரையில் சொன்னதைத் தம் முற்றத்தில் செய்தவர் அவர்.

தண்ணீரும் நடைபாதையும்

கோமல் சுவாமிநாதனின் நாடகத்தை 1981-இல் கே. பாலசந்தர் 'தண்ணீர் தண்ணீர்' என்னும் படமாக்கினார். வறண்ட அத்திப்பட்டி மக்கள் அரசிடம் கேட்டுச் சலித்து, தாமே கால்வாய் வெட்ட முனைகின்றனர். அனுமதியில்லை என்று அதிகாரம் குறுக்கே நிற்கிறது. தன் கையே தனக்குதவி என்று ஏழைக்கு அறிவுரை கூறுவோர், அக்கையைக் கட்டியிருப்பது எது என்பதையும் பார்க்கவேண்டும் என்பதே இப்படம் தரும் பாடம். வானம் பார்த்த பூமியை விட்டு இந்நகர்க் கட்டட வேலைக்கு வந்த தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டத்து மக்களுக்கு இக்கதை புதிதன்று.

அவ்வாறு வந்தவர் எங்கே உறங்கினர்? சங்கர் நாக் இயக்கி 1985-இல் திரைக்கு வந்த 'ஆக்சிடென்ட்' என்னும் கன்னடப் படம் அதனைக் காட்டிற்று. பெங்களூரின் நடைபாதையில் உறங்கிய கூலி மக்கள்மீது செல்வாக்குடையவர் மகனின் கார் ஏறுகிறது. உண்மையை மறைக்கப் பணமும் பதவியும் கைகோத்து நிற்கின்றன. நம் இளையராஜா இசையமைத்த அப்படம் தேசிய விருது பெற்றது. விபத்து ஒரு நொடியில் நேர்ந்தது; அம்மக்களை நடைபாதைக்குக் கொண்டுவந்த காரணங்களோ பல்லாண்டுக் காலம் விளைந்தவை.

அதே 1985 ஜூலையில், பம்பாய் நடைபாதைவாசிகள் தொடுத்த வழக்கில், வாழும் உரிமையுள் பிழைக்கும் உரிமையும் அடங்கும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனுதாரருள் ஒருவர், சேலம் பகுதியிலிருந்து 1961-இல் பஞ்சம் பிழைக்கச் சென்ற நிலமற்ற தமிழ்க் கூலியாளர். குடிசைகளை அகற்றுவதை அத்தீர்ப்பு முற்றும் தடுக்கவில்லை. எனினும் ஏழையின் குறையை உரிமையின் மொழியில் பேச வழிவகுத்தது.

தொண்டு கற்ற பாடம்

சமூகப்பணி நம் நாட்டில் ஒரு கல்வித் துறையாக வளர்ந்ததும் தொழில்நகரங்களின் துயரோடு தொடர்புடையது. 1936-இல் பம்பாயில் டாடா நிறுவனமும், 1952-இல் சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் சமூகப்பணிக் கல்லூரியும் எழுந்தன. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலையில் நலஅலுவலர் வேண்டும் என்று விதித்தது. அந்த அலுவலர் காயத்துக்குக் கட்டுப்போடுவதோடு நிற்பதா, காயம் விளைக்கும் நிலையை மாற்றுவதா என்னும் வினா அன்றுமுதல் உள்ளது.

சென்னையில் பிறந்து சமூகப்பணியில் முதுகலை பயின்ற ரூத் மனோரமா, இரண்டாம் வழியைத் தேர்ந்தார். 1985-இல் அவர் பெங்களூரில் நிறுவிய 'விமன்ஸ் வாய்ஸ்' அமைப்பு, குடிசைப்பகுதிப் பெண்களையும் வீட்டுவேலை செய்வோரையும் ஒன்றுதிரட்டியது. 2006-இல் அவருக்கு ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. இத்தகையோர் பலருடைய நெடிய உழைப்பின் பின்னர், 2004-இல் கருநாடக அரசு வீட்டுவேலைக்குக் குறைந்தபட்ச ஊதியத்தை அறிவித்தது. நாட்டில் இதில் முந்திக்கொண்ட மாநிலம் இதுவே. ஒருவர் பழம்புடைவை கொடுத்தால் ஓராண்டு கழியும். ஊதியம் உரிமையானால் ஒரு தலைமுறை நிமிரும்.

பரிசில் பெற்ற பாணர்

இந்நகர்த் தமிழருள் பலர் இன்று உயர்ந்திருக்கின்றோம். ஆலைத் தொழிலாளியின் பெயரன் பொறியாளன். சுரங்கத்தில் இறங்கியவரின் பெயர்த்தி மருத்துவர். நம் வீட்டில் பாத்திரம் துலக்குபவரும், நம் அடுக்ககத்துக்குக் கல் சுமந்தவரும் பெரும்பாலும் நம்மைப்போல் பிழைக்க வந்தவரே. திரையில் அவர் அழும்போது நாமும் கண்ணீர் விடுகின்றோம். வாரத்தில் ஒருநாள் விடுப்புக் கேட்டு அவரே நம் வாயிலில் நிற்கும்போது நாம் யாராக இருக்கின்றோம்? அத்தருணத்தில் வர்க்கப் போராட்டம் என்பது நம் சமையலறை வாயிற்படியில் நிற்கிறது.

பொங்கலுக்கு வேட்டி புடைவை வழங்குவதும், மாணவர்க்கு உதவித்தொகை அளிப்பதும் நற்செயல்களே, அவை தொடரட்டும். அவற்றோடு தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்யப் படிவம் நிரப்பித் தருதலும், கன்னடத்தில் வந்த அரசாணையைத் தமிழில் படித்துச் சொல்லுதலும், உரிய ஊதியத்தை முதலில் நம் வீட்டில் வழங்குதலும் சேரவேண்டும்.

பரிசில் பெற்று மீளும் பாணர் நாம். எதிரே வருகின்றவருக்கு நம் பையிலிருந்து ஒரு காசு எடுத்துக் கொடுத்துவிட்டு நடப்பது எளிது. நின்று, வழி சொல்லி, வேண்டுமாயின் சிறிது தொலைவு உடன் நடப்பதே நம் முன்னோர் ஆற்றுப்படை என்று பெயரிட்ட அறம்.