பாறை இலைக்கன்கள்

இலைக்கன் என்பது ஒரு பங்கசும், பச்சை அல்காவோ சயனோபற்றீரியாவோ ஆன ஒளித்தொகுப்பு உயிரியும் ஓருடலாய்க் கூடி வாழும் கூட்டுயிரி. பங்கசு உடலைக் கட்டி ஈரத்தையும் கனிமங்களையும் பிடித்துவைக்க, அதன் கூட்டாளி சூரிய ஒளியில் உணவாக்குகிறது. சுவிற்சர்லாந்தின் சைமன் சுவெண்டனர் 1867இல் இவ்விருமையை எடுத்துரைத்தபோது இலைக்கன் ஆய்வாளர் பலரே அதைக் கடுமையாக மறுத்தனர். செட்டிநாட்டுச் சமையலில் மணத்துக்காகச் சேர்க்கப்படும் கல்பாசியும் ஓர் இலைக்கனே.

இலங்கையில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்றான வட்டவளையில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரை மிஞ்சுமாயினும், தேயிலை மலைகளுக்கிடையே துருத்தி நிற்கும் பாறைகளின் முகத்தில் நீரைத் தேக்கிவைக்க மண் இல்லாததால், மழை விட்டு வெயில் ஏறியதும் அப்பரப்பு விரைவில் காய்ந்துவிடுகிறது. சனவரி முதல் மார்ச் வரையான காலத்தில் இவ்வறட்சி நீளும். வாழ்விடத்தின் வறட்சியை மழைமானி மட்டும் சொல்லிவிடாது. உயிரி ஒட்டியிருக்கும் பரப்பு எவ்வளவு நேரம் ஈரமாயிருக்கிறது என்பதையே பார்க்க வேண்டும்.

வேரும் நீரிழப்பைத் தடுக்கும் மெழுகுப்படையும் இல்லாத இலைக்கன், காய்ச்சலை எதிர்ப்பதில்லை, அதற்கு இணங்கிக் காய்ந்து, உடற்செயல்களை ஏறக்குறைய நிறுத்திக்கொள்கிறது. உலர்ந்த சாம்பல்நிறப் படையின்மேல் சிறிது நீர் தெளித்தால், மேற்றோல் ஒளிபுகவிட்டு உள்ளிருக்கும் அல்காவின் பச்சை கண்முன்னே வெளிப்படும். ஒளித்தொகுப்பும் விரைவில் மீண்டும் தொடங்கும். சில இனங்களில் அருகருகே வளரும் இரு உடல்கள் முட்டும் இடத்தில் கருங்கோடொன்று எல்லையாக நிற்பதையும் காணலாம்.

கோப்பித் துரு நோயை ஆராய 1880இல் இலங்கை வந்த ஹரி மார்ஷல் உவோட், இலைகளின்மேல் வளரும் ஸ்திரிகுலா என்னும் இலைக்கனையும் ஆராய்ந்து 1884இல் எழுதினார். அதன் அல்காக் கூட்டாளி சேர்ந்த கெபலூரசுப் பேரினத்தின் சில இனங்களே, பங்கசின் துணையின்றித் தேயிலையில் செந்துரு நோயை உண்டாக்குகின்றன.

கவ்வாத்து வெட்டியபின் தேயிலைத் தண்டிலிருந்து பாசியோடு இலைக்கனையும் சுரண்டிவிடுவதுண்டு. இலைக்கன் செடியின் உணவை உறிஞ்சுவதில்லையெனினும், தோட்டத் தேவைக்கு அது ஏற்கத்தக்க வேலையே. பாறையின் நிலை வேறு. கல்லோடு ஒன்றிப் படிந்த இனங்களுள் பல, ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றரோ அதிலும் குறைவாகவோதான் விளிம்பில் விரிகின்றன என்பதால், பத்துச் சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரு திட்டைச் சுரண்டி எடுத்தால், புதிதாய் வந்தமரும் ஒன்று அந்த அளவை எட்டக் குறைந்தது ஐம்பது ஆண்டுகள் வேண்டும்.