வாத்துக் குஞ்சின் கழிச்சல்: கிருமிக்கு முன் தீவனம்

வீட்டில் ஒன்றிரண்டாக வளர்க்கப்படும் வாத்துக் குஞ்சு முதல் சில வாரங்களில் நீர்நீராகக் கழிகிறது, தீனி எடுக்க மறுக்கிறது, கால் மடங்கி உட்கார்ந்துவிடுகிறது. உடனே குடிநீரில் நுண்ணுயிர்க்கொல்லி கலக்கப்படுகிறது. குஞ்சு தேறினால் மருந்துக்குப் பெயர். செத்தால் ‘சீக்கு’ என்று முடிவாகிவிடுகிறது. இந்த வழக்கத்தை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இளம் வாத்தின் வயிற்றுக் கோளாறை விசாரிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியவை தீவன மூட்டையும் கல்லீரலும், கிருமி அடுத்தபடி. இந்த வரிசை தலைகீழாவதற்குக் காரணம், வாத்துக் குஞ்சைக் கோழிக் குஞ்சின் அளவுகோலால் அளப்பதுதான்.

எது கழிச்சல் என்பதிலேயே பிழை தொடங்குகிறது. வாத்து நிறையத் தண்ணீர் குடிக்கும் பறவை. அதன் எச்சம் இயல்பாகவே இளகி, நீர் மிகுந்திருக்கும். குடல்வாலிலிருந்து அவ்வப்போது வெளிப்படும் பழுப்பு நிறப் பிசுபிசுப்பான எச்சமும் நோயன்று. குஞ்சு சுறுசுறுப்பாக மேய்ந்து எடை கூடி வருமானால், நீர்த்த எச்சத்துக்கு மருந்து தேவையில்லை. நிறத்தைத்தான் கவனிக்க வேண்டும். பறவைகளின் பித்தத்தில் பச்சை நிறமியான பிலிவெர்டினே முதன்மையானது. ஆகவே எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய யூரேட் பகுதி பச்சை படிந்து வந்தால், கல்லீரலைச் சந்தேகிக்க வேண்டும். வயிறு வெறுமையாகக் கிடந்து பித்தம் மட்டும் இறங்கினாலும் எச்சம் பச்சையாகும். இரண்டில் எதுவானாலும் அதைக் குடல்நோய் என்று மட்டும் படிப்பது அவசரம்.

உணவுப் பாதையின் அமைப்பும் வேறு. கோழியின் கழுத்தடியில் கைக்குத் தெரியும் தீனிப்பை வாத்துக்கு இல்லை. உணவுக்குழலே ஓரிடத்தில் கதிர்போல விரிந்து தீனியைத் தாங்குகிறது. உலர்ந்த மாவுத் தீவனம் அங்கே சிக்காமல் இறங்க, பக்கத்திலேயே தண்ணீர் வேண்டும். அலகு முழுதும் அமிழும் ஆழமும் வேண்டும். மூக்குத் துளைகளை வாத்து அப்படித்தான் கழுவிக்கொள்கிறது. கோழிக் குஞ்சுக்கான ஆழமற்ற தட்டு இதற்குப் போதாது. நீண்ட புல்லை அள்ளிப்போட்டு, அரைவைப்பைக்கு வேண்டிய பொடிக்கல்லைக் கொடுக்காவிட்டால் நார் திரண்டு அடைத்துக்கொள்ளும். கம்பித்துண்டு, ஈயம் போன்ற பளபளப்பான பொருள்களையும் வாத்து விழுங்கும். ஈயம் அரைவைப்பையில் தேய்ந்து கரைந்து, இரைப்பையின் அசைவையே நிறுத்திவிடும்.

இவற்றையெல்லாம் விடக் கடுமையானது பூசண நச்சு. 1960இல் இங்கிலாந்தில் சில மாதங்களுக்குள் 1,00,000க்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மடிந்தன. காரணம் விளங்காததால் ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்று பெயரிட்டார்கள். வாத்துக் குஞ்சுகளும் அதில் இறந்தன. தேடிச் சென்றவர்கள் கிருமியைக் காணவில்லை. பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கைத்தான் கண்டார்கள். அதில் வளர்ந்திருந்த ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் பூஞ்சையின் பெயரிலிருந்தே அஃப்லடாக்சின் என்ற பெயர் பிறந்தது. நச்சை அளக்க ஆய்வகங்கள் தேர்ந்த உயிரி ஒரு நாள் வயதான வாத்துக் குஞ்சு. சந்தேகத்துக்குரிய தீவனச் சாற்றைக் குஞ்சுக்குக் கொடுத்து, அதன் கல்லீரலில் பித்த நாளங்கள் எவ்வளவு பெருகியிருக்கின்றன என்று பார்த்து நச்சின் அளவைக் கணித்தார்கள்.

அவர்கள் வாத்தைத் தேர்ந்ததற்கான காரணம் நம் வாதத்துக்கு உயிர்நாடி. அஃப்லடாக்சின் பி1 நச்சில், சோதிக்கப்பட்ட வாத்துக் குஞ்சுகளில் பாதியைக் கொல்லும் அளவு உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 0.36 மில்லிகிராம். 50 கிராம் எடையுள்ள குஞ்சுக்கு இது 18 மைக்ரோகிராம்தான். கோழிக்கோ அந்த அளவு கிலோவுக்கு 6 மில்லிகிராமுக்கும் மேல். ஒரே மூட்டையிலிருந்து இரண்டுக்கும் தீனி வைத்து, ‘கோழிக் குஞ்சுகள் நன்றாகத்தானே இருக்கின்றன, தீவனத்தில் என்ன குறை?’ என்று கேட்பவருக்கு இந்த எண்களே பதில். கோழியின் நலம் வாத்துத் தீவனத்துக்குச் சான்றாகாது.

நச்சு சிறுகச் சிறுகச் சேரும்போது குஞ்சு உடனே சாவதில்லை. பசி குறைகிறது, வளர்ச்சி நிற்கிறது, காலும் பாதமும் ஊதா நிறம் கொள்கின்றன, நடை தள்ளாடுகிறது. கடைசியில் தலையைப் பின்னுக்கு வளைத்துக்கொண்டு உயிர் விடுகிறது. வளர்ப்பவர் கண்ணில் முதலில் படுவது தீனி எடுக்காமையும் எச்சத்தின் மாற்றமும்தான். ஆகவே அது வயிற்றுக் கோளாறாகப் பதிவாகிறது.

நம் ஊர்த் தீவனப் பழக்கத்தில் இந்த ஆபத்துக்கு இடம் அதிகம். கடலைப் புண்ணாக்கு, தவிடு, மக்காச்சோளம், குருணை எல்லாம் ஈரம் பட்டால் பூசணம் பிடிப்பவை. கடலையை ஆட்டும்போது நச்சில் பெரும்பங்கு எண்ணெயோடு போகாமல் புண்ணாக்கிலேயே தங்குகிறது. கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் தவறு. சமையல் வெப்பத்தில் இந்த நச்சு அழிவதில்லை. பூசணத்தைத் துடைத்துவிட்டால் கண்ணுக்குத் தெரிவதுதான் மறையும். வாத்தின் பழக்கமும் இதற்குத் துணைபோகிறது: அது தீனியை வாயில் கவ்வித் தண்ணீருக்கும், சொட்டும் அலகோடு திரும்பத் தீனிக்கும் போகும். நனைந்த மிச்சத்தை அன்றைக்கே கொட்டிவிடாமல் அதன்மேல் புதுத் தீனியைப் போடும் வீட்டில், நல்ல மூட்டை வாங்கியும் பயனில்லை.

இரண்டாவது காரணம் குறை ஊட்டம். டிரிப்டோபானிலிருந்து நியாசினை உண்டாக்கும் திறன் வாத்துக்குக் குறைவு. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 1994இல் வெளியிட்ட ஊட்டத் தேவைப் பட்டியலில், கிலோ தீவனத்துக்கு இளம் வாத்துக்கு 55 மில்லிகிராமும் கறிக்கோழிக் குஞ்சுக்கு 35 மில்லிகிராமும் நியாசின் குறிக்கப்பட்டுள்ளன. மக்காச்சோளத்தில் நியாசின் பெரும்பாலும் பிணைந்து கிடப்பதால் உடலில் சேராது. டிரிப்டோபானும் அதில் குறைவு. நியாசின் குறைந்தால் கழிச்சலும் வளர்ச்சிக் குறைவும் வரும், கணுக்கால் மூட்டு வீங்கும், கால் வளையும். நடக்க முடியாத குஞ்சு தண்ணீரையும் தீனியையும் எட்டாமல் மேலும் நலிகிறது.

ஆரணிப் பக்கத்துக் கீரி, சன்னியாசி வாத்துகளை அறுவடையான வயல்களில் ஓட்டி மேய்ப்பவர்கள் நியாசின் என்ற பெயரைச் சொல்வதில்லை. ஆனால் அவர்களுடைய வாத்துகள் சிந்திய நெல்லோடு நத்தையையும் புழு பூச்சியையும் தின்கின்றன. செல்லமாக வளரும் குஞ்சுக்கோ பாசத்தோடு கிடைப்பது சோறும் ரொட்டியும் மட்டும். அந்தப் பாசத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு; அது குஞ்சின் உடம்பில் சேர வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

தொற்று இல்லையா என்ற எதிர்வாதம் நியாயமானது. சால்மொனெல்லா உண்டு, தொப்புள் வழி நுழைந்து மஞ்சள்கருப் பையைக் கெடுக்கும் கிருமிகளும் உண்டு. இவற்றில் நுண்ணுயிர்க்கொல்லிக்கு இடமிருக்கலாம். மருத்துவர் பார்த்துத் தர வேண்டும். ஆனால் இளம் வாத்துகளை மிக வேகமாகக் கொல்லும் வைரஸ் கல்லீரல் அழற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் தோன்றி 1950இல் விவரிக்கப்பட்ட இந்நோயிலும் குஞ்சு தலையைப் பின்னுக்கு வளைத்தே சாகிறது, கல்லீரலே சிதைகிறது. வெளித்தோற்றத்தில் அதையும் பூசண நச்சையும் பிரிப்பது கடினம். நுண்ணுயிர்க்கொல்லி இரண்டையும் தொடாது. மருந்து கொடுத்துத் தேறியதாகச் சொல்லப்படும் குஞ்சுகளுக்கு, அதே நாளில் தீவனமும் மாற்றப்பட்டதா என்று கேட்க வேண்டும். சோர்ந்த குஞ்சுக்கு வேறு தீனி வைத்துப் பார்ப்பது வீட்டில் எவரும் செய்வது.

ஆகவே சிகிச்சைக் குறிப்பில் முதல் கேள்விகள் தீவனத்தைப் பற்றியவையாக இருக்க வேண்டும்: என்ன தீவனம், எப்போது வாங்கியது, எங்கே வைத்திருந்தது, மழையில் நனைந்ததா. பதிலில் ஐயம் இருந்தால் ஆய்வு முடிவுக்குக் காத்திராமல் அந்தத் தீவனத்தை நிறுத்தலாம். அதனால் கெடுதி ஒன்றும் இல்லை. இறந்த குஞ்சைப் புதைக்கும் முன் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பிக் கல்லீரலைப் பார்க்கச் சொல்ல வேண்டும். தீவன மாதிரி எடுப்பதிலும் கவனம் வேண்டும். பூசணம் மூட்டை முழுதும் சீராகப் பரவுவதில்லை, அங்கங்கே திட்டாகத்தான் இருக்கும். மேலிருந்து அள்ளிய ஒரு பிடியில் நச்சு இல்லை என்று வந்தால் அடியிலும் இல்லை என்று கொள்ள முடியாது. மேல், நடு, அடி, ஓரம் எனப் பல இடங்களில் எடுத்து, ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து ஒரு பங்கை அனுப்பினால்தான் ஆய்வகத்தின் விடையை நம்பி அந்த மூட்டையை மறுபடி அவிழ்க்கலாம்.